உருகிய உருக்கில் குமிழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகவியல் படிக்கும் மாணவர்களும், உருக்காலையில் லேடில் (உருகிய உருக்கை ஏந்தும் பெரிய பாத்திரம்) பக்கம் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உருக்குக்குள் ஓடும் குமிழி தண்ணீர்க் குமிழியின் சூடான வடிவம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

உருக்கு தயாரிப்பில் குமிழிக்கு என்ன வேலை?

இன்றைய உருக்குத் தொழிலே குமிழியில்தான் தொடங்கியது. 1856-இல் இங்கிலாந்தில் ஹென்றி பெஸ்ஸெமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் அடியிலிருந்து காற்றை ஊதினார். விறகோ கரியோ போடாமலே உலோகம் இன்னும் சூடேறியது. காற்றிலிருந்த ஆக்சிஜன் இரும்பிலிருந்த கார்பனையும் சிலிக்கனையும் எரித்தது. அந்த எரிப்பே வெப்பம் தந்தது. 1952-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் மேலிருந்து தூய ஆக்சிஜனை ஊதும் முறை ஆலை அளவில் நடைமுறைக்கு வந்தது. அதைத்தான் லின்ஸ், டோனாவிட்ஸ் என்ற ஊர்களின் பெயரால் எல்.டி. என்கிறோம். இந்தியாவில் முதலில் ரூர்கேலாவுக்கு வந்ததும் அந்த முறைதான். ஆக்சிஜன் மேலிருந்து வந்தாலும், உள்ளே கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடு குமிழிகள் பொங்குவதால்தான் கன்வெர்ட்டர் (இந்த ஊதல் நடக்கும் பெரிய கலம்) முழுக்கக் கலங்குகிறது.

கன்வெர்ட்டரிலிருந்து லேடிலுக்கு ஊற்றிய பிறகு வேறு வகைக் குமிழியின் வேலை ஆரம்பிக்கிறது. லேடிலின் அடியில் போரஸ் பிளக் என்ற துளைகள் கொண்ட செங்கல் இருக்கும். அதன் வழியே ஆர்கானை ஊதுவார்கள். அந்தக் குமிழிகள் உருக்கைக் கலக்கி, எங்கும் ஒரே வெப்பமும் ஒரே கலவையும் இருக்கச் செய்கின்றன. கரைந்திருக்கும் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு வெளியேறுகின்றன. மிதக்கும் அழுக்குத் துகள்களை உருக்கின் மேல் மிதக்கும் கசடுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

நைட்ரஜன் மலிவாயிற்றே, ஏன் ஆர்கான்?

நைட்ரஜன் உருக்கில் கரையும். 1600 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், தூய இரும்பு சுமார் 450 பி.பி.எம். (எடையில் பத்து லட்சத்தில் 450 பங்கு) நைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பல ரக உருக்குகளுக்கு 50 பி.பி.எம்.மே அதிகம். பெஸ்ஸெமர் காலத்து உருக்கு எளிதில் முறிந்ததற்கு அவர் ஊதிய காற்றின் நைட்ரஜனும் ஒரு காரணம். ஆர்கான் கரையாது, எதனோடும் வினைபுரியாது. காற்றில் அது 0.93 சதவீதம்தான் என்பதால் பிரித்தெடுக்கச் செலவாகும். நைட்ரஜன் இருந்தால் கெடாத ரகங்களுக்கு நைட்ரஜனையே ஊதும் ஆலைகளும் உண்டு.

150 டன் உருக்கை இத்தனை கொஞ்சம் வாயு எப்படிக் கலக்குகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். 150 டன் லேடில், மூன்று மீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 500 லிட்டர் ஆர்கான் என்று வைத்துக்கொள்வோம். குமிழிகள் அடியிலிருந்து மேலே வரும்போது விரிந்து செய்யும் வேலை சுமார் ஆறரை கிலோவாட். நம் ஊர்க் கிணற்றில் வைக்கும் ஏழரை எச்.பி. மோட்டாரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு திறன் அந்த 150 டன்னையும் சில நிமிடங்களில் ஒரே சீராக்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் உருக்கின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் குணம், குறைவாக இருப்பது. உருகிய உருக்கு தேன்போலக் கெட்டியாக ஓடும் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் உருக்கும் அறை வெப்பத் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது உருக்கு தண்ணீரைப் போலவே சுலபமாக ஓடும். ஆய்வகங்களில் லேடிலுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பார்க்கும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

அப்படியானால் தண்ணீர்க் குமிழியும் உருக்குக் குமிழியும் ஒன்றுதானே?

இல்லை. ஓட்டத்தில் ஒன்று, குமிழியில் வேறு. இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வித்தியாசம் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஆக்சிஜனும் கந்தகமும் நன்றாகக் குறைக்கப்பட்ட உருக்குக்கு சுமார் 1.8, அதாவது 25 மடங்கு. உருக்கின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏழு மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுக்கும் குமிழி, உருக்கில் அதே வடிவம் எடுக்க விட்டத்தில் சுமார் இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வித்தியாசம்தான் முக்கியமானது. தண்ணீர் கண்ணாடியையும் உலோகக் குழாயையும் நனைக்கும். உருகிய உருக்கு லேடிலில் பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கல்லை நனைக்காது. தாமரை இலையில் தண்ணீர் எப்படி ஒட்டாமல் உருள்கிறதோ, அப்படித்தான் உருக்கு செங்கல்மேல் நிற்கிறது. இப்போது அந்தச் செங்கல்லின் துளையிலிருந்து ஒரு குமிழி வெளியே வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீராக இருந்தால், நீர் குழாயின் விளிம்பை நனைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்; குமிழியின் கழுத்து துளையின் உள்விளிம்பிலேயே நிற்கும். உருக்கில் செங்கல் பரப்பைப் பிடித்துக்கொள்ள உலோகத்துக்கு விருப்பமில்லை. அதனால் வாயு துளையை விட்டு வெளியே பரவி, குழாயின் வெளிவிளிம்புவரை போய் உட்கார்ந்துகொள்கிறது. அகலமான அடித்தளத்தில் வளர்ந்த பிறகே குமிழி பிரிகிறது.

ஜப்பானில் சானோவும் மோரியும் 1976-இல் பாதரசத்திலும் உருகிய வெள்ளியிலும் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது: திரவ உலோகத்தில் குமிழியின் அளவைத் தீர்மானிப்பது குழாயின் உள்விட்டம் அல்ல, வெளிவிட்டம். எண்ணில் சொல்கிறேன். உள்விட்டம் 2 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள ஒரு குழாயில் வாயுவை மிக மெதுவாக விட்டால், தண்ணீரில் பிரியும் குமிழியின் விட்டம் சுமார் 4.4 மில்லிமீட்டர். உருக்கில் சுமார் 9.8 மில்லிமீட்டர். கன அளவில் பத்து மடங்குக்கு மேல்! தண்ணீர்த் தொட்டியில் அழகான சிறு குமிழிகளைப் பார்த்துவிட்டு, லேடிலிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

போரஸ் பிளக்கில் துளைகள் மிக நுண்ணியவை. அப்போதும் பெரிய குமிழிதானா?

நல்ல கேள்வி. நுண்துளை இருந்தால் நுண்குமிழி வரும் என்பது தண்ணீர் அனுபவம். மீன்தொட்டியில் வைக்கும் காற்றுக் கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். உருக்கில், பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலிருந்து வெளிவரும் வாயு செங்கல் பரப்பிலேயே பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். வாயு வேகம் கூடினால் பிளக்கின் மேல் ஒரு வாயுப் படலமே உருவாகி, அதிலிருந்து பெரிய குமிழிகள் பிய்ந்து போகும். உருக்கில் சிறு குமிழி வேண்டுமென்றால், துளையைச் சிறிதாக்குவதைவிட ஓட்டத்தின் வேகத்தால் வாயுவைக் கிழிப்பதே பலன் தரும். லேடிலிலிருந்து டன்டிஷுக்கு (வார்ப்பு அச்சுக்கு முன்னால் உருக்கு தங்கும் இடைத்தொட்டி) உலோகம் வேகமாகப் பாயும் குழாயில் ஆர்கானை விடும் யோசனை அப்படி வந்ததுதான். அந்தப் பாய்ச்சலின் கொந்தளிப்பே குமிழிகளை உடைத்துவிடும்.

குமிழி உருண்டையாகத்தான் மேலே வருமா?

மிகச் சிறியது உருண்டை. கொஞ்சம் பெரியது பக்கவாட்டில் தட்டையாகி, நெளிந்து நெளிந்து ஏறும். ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டியது குடைபோல ஆகிவிடும்: மேலே வளைவு, அடியில் தட்டை. கவிழ்த்த கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிண்ணக் குமிழியின் வேகத்துக்கு 1950-இல் டேவிஸ், ஜி.ஐ. டெய்லர் இருவரும் கண்ட சூத்திரம் மிக எளியது. குமிழி முனையின் வளைவு ஆரத்தை ஈர்ப்பு முடுக்கத்தோடு பெருக்கி, அதன் வர்க்கமூலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தச் சூத்திரத்தில் அடர்த்தியும் இல்லை, பரப்பு இழுவிசையும் இல்லை, பாகுத்தன்மையும் இல்லை. அதனால் பெரிய குமிழி தண்ணீரிலும் உருக்கிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஏறும். 2 சென்டிமீட்டர் உருண்டைக்குச் சமமான வாயு கொண்ட குமிழி விநாடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஏறும். 5 சென்டிமீட்டர் என்றால் 50.

கூட்டமாகப் போகும்போது வேகம் இன்னும் கூடும். குமிழிகள் தம்மோடு உலோகத்தையும் மேலே இழுக்கின்றன. அந்த உலோக ஓட்டம் குமிழிகளைச் சுமந்து போகிறது.

மேலே வரும்போது குமிழி எவ்வளவு விரியும்?

இரண்டு விரிவுகள் உண்டு. குளிர்ந்த ஆர்கான் உருக்கைத் தொட்டதும் சூடாகி, அதே அழுத்தத்தில் ஆறு மடங்குக்கு மேல் விரியும். இது அடியிலேயே நடந்து முடிந்துவிடும். அடுத்தது அழுத்தம் குறைவதால் வருவது. உருக்கில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குச் சற்று முன்பே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். மூன்று மீட்டர் லேடிலின் அடி என்பது 21 மீட்டர் ஆழக் கிணற்றின் அடிக்குச் சமம். ஆக அடியிலிருந்து மேலே வருவதற்குள் குமிழி மூன்று மடங்காகும்.

வெற்றிடத்தில் நடப்பது வேறு கதை. மேலே அழுத்தம் ஒரு மில்லிபார் என்று வைத்துக்கொண்டால், மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து மேல்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே வரும்வரை விரிவு சுமார் 20 மடங்கு. கடைசி 15 சென்டிமீட்டரில் மட்டும் இன்னொரு நூறு மடங்கு. பால் பொங்கி வருவதுபோல உலோகமும் கசடும் திடீரென எழும்பும். வெற்றிடத் தொட்டிக்குப் போகும் லேடிலில் விளிம்புக்குக் கீழே நிறைய இடம் விட்டுத்தான் உருக்கை ஊற்றுவார்கள், காரணம் இதுதான்.

தண்ணீர்த் தொட்டி மாதிரியை நம்பலாமா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலோகம் எந்தப் பக்கம் சுழல்கிறது, கலக்க எவ்வளவு நேரம் ஆகும், பிளக்கை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா, ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்றால் நம்பலாம். பிளக்கை நடுவில் வைப்பதைவிட ஆரத்தின் பாதியளவு தள்ளி வைத்தால் சீக்கிரம் கலக்கும் என்பதைத் தண்ணீர் மாதிரிகள் நன்றாகவே காட்டின. நான்கில் ஒரு பங்கு அளவு மாதிரி செய்தால் ஓட்டத்தின் வேகம் பாதியாகும், வாயுவின் அளவு 32-இல் ஒரு பங்காகும். இவற்றை ஃப்ரூட் எண் (ஓட்டத்தின் வேகத்தை ஈர்ப்பு விசையோடு ஒப்பிடும் எண்) என்ற விதிப்படி கணக்கிட்டு ஊதுவார்கள்.

குமிழியின் அளவு, அது பிரியும் விதம், உடைவது, சேர்வது, துகளைப் பிடிப்பது ஆகியவற்றைத் தண்ணீர் மாதிரியில் பார்த்துவிட்டு உருக்கைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே நனைவதும் பரப்பு இழுவிசையும் ஆட்சி செய்கின்றன. தண்ணீரில் குளிர்ந்த வாயு சூடாகி விரிவதும் இல்லை.

உலோகத்துக்குள் கண் போகாதே, எப்படித்தான் பார்க்கிறார்கள்?

இந்தத் துறையின் அழகே இந்தச் சிக்கலில் இருக்கிறது. 1600 டிகிரியில் ஒளிராத பொருளே இல்லை, ஆனால் உள்ளே எதுவும் தெரியாது.

முதல் வழி, குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகத்தை எடுத்துக்கொள்வது. பாதரசம் பழைய தேர்வு. நச்சு என்பதால் இப்போது ஒதுக்கிவிட்டார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த வுட் உலோகம் சுமார் 70 டிகிரியிலேயே உருகும், அதிலும் ஈயமும் காட்மியமும் உண்டு. இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் விரும்புவது காலியம், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் கலந்த கலவை. சுமார் 10 டிகிரியிலேயே உருகிவிடும், அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். பரப்பு இழுவிசை 0.5-க்குச் சற்று மேல், அடர்த்தி உருக்குக்கு நெருக்கம். ஒரே தொல்லை, காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு தோல் படியும். தோல் படிந்தால் பரப்பின் நடத்தையே மாறிவிடும். அதனால் ஆர்கானுக்குள் வைத்தோ, மேலே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியோ வேலை செய்வார்கள். அலுமினியப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இந்தக் கலவைக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் குமிழிகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். கதிர் ஊடுருவ வேண்டுமே, ஆகவே அடுக்கின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்க முடியும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையம் இந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. உருக்கை அச்சில் இடைவிடாமல் ஊற்றி உறையவைக்கும் தொடர் வார்ப்பைப் படிப்பதற்கென்றே அங்கே லிம்காஸ்ட் என்ற ஆய்வு வசதியைக் கட்டினார்கள். பெரிய அமைப்பில் வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த கலவையைச் சூடாக்கி ஓட்டுகிறார்கள், சிறியதில் காலியம் கலவை. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தி திரவ காலியத்துக்குள் குமிழிகளைப் படம் பிடித்திருக்கிறார்கள். நியூட்ரான் எக்ஸ் கதிரைவிடத் தடிமனான அடுக்கைத் துளைத்துப் போகும்.

இன்னும் தடித்த பாத்திரமென்றால் மீயொலி. உலோகத்துக்குள் ஒலித் துடிப்பை அனுப்பி, எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். மின்கடத்தும் நுண்முனை ஒன்றை உள்ளே நிறுத்தி, குமிழி அதைத் தொடும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதை எண்ணும் முறை பழையது, இன்றும் பயன்படுவது.

நேரடியாக இரும்பிலேயே அளந்ததில்லையா?

அளந்திருக்கிறார்கள். கனடாவில் ஐரன்ஸ், கத்ரி இருவரும் 1978-இல் உருகிய வார்ப்பிரும்பில் குழாய் முனையில் குமிழி உருவாவதை ஆராய்ந்தார்கள். விநாடிக்கு எத்தனை குமிழி பிரிகிறது என்று தெரிந்தால், ஊதும் வாயுவின் அளவை அதனால் வகுத்துக் குமிழியின் கன அளவு கிடைத்துவிடும். கண்ணால் பார்க்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட அளவீடுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் எனக்கு நூறு தண்ணீர் மாதிரிகளைவிட இவைமேல்தான் மதிப்பு அதிகம்.

கரைந்திருக்கும் ஹைட்ரஜனைக் குமிழி எப்படி வெளியேற்றுகிறது?

கோலி சோடாவைத் திறந்ததும் கரைந்திருந்த வாயு கிளம்பி வருகிறதல்லவா? ஹைட்ரஜன் அப்படித் தானாகக் கிளம்பாது, அதன் அழுத்தம் மிகக் குறைவு. ஆனால் ஆர்கான் குமிழிக்குள் தொடக்கத்தில் ஹைட்ரஜனே இல்லை. காலியாக இருக்கும் அந்த இடத்துக்குள், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் பரப்பில் சேர்ந்து மூலக்கூறாகி உள்ளே நுழையும். கரையும் ஹைட்ரஜனின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பது சீவர்ட்ஸ் விதி. இந்த விதியால்தான் கடைசி இரண்டு மூன்று பி.பி.எம்.மை எடுப்பது அத்தனை பாடாக இருக்கிறது: ஹைட்ரஜனைப் பாதியாக்க அதன் அழுத்தத்தை நான்கில் ஒன்றாக்க வேண்டும்.

அதற்காகத்தான் வெற்றிடம். 1950-களின் இறுதியில் ஜெர்மனியில் ரூர்ஸ்டால், ஹெரேயஸ் நிறுவனங்கள் உருவாக்கிய ஆர்.எச். முறையில், வெற்றிடக் கலத்தின் இரண்டு கால்கள் லேடிலுக்குள் இறங்கியிருக்கும். ஒரு காலில் மட்டும் ஆர்கானை விடுவார்கள். குமிழி கலந்த உலோகம் அந்தக் காலில் ஏறி, வெற்றிடத்தில் வாயுவை இழந்து, அடுத்த காலில் இறங்கும். உள்ளே சுற்றும் உறுப்பு எதுவும் இல்லாத ஒரு பம்ப்! தண்டவாள உருக்கில் ஹைட்ரஜன் தங்கிவிட்டால், ஆறிய பிறகு உள்ளே மயிரிழை வெடிப்புகளாக வெளிப்படும். அதை நினைத்தால் இந்தப் பாடுகள் எதுவும் அதிகமில்லை.

குமிழி அழுக்கையும் எடுக்கிறது என்கிறார்களே?

எடுக்கிறது. உருக்கிலுள்ள ஆக்சிஜனைக் கொல்ல அலுமினியம் போடும்போது அலுமினா (அலுமினிய ஆக்சைடு) துகள்கள் பிறக்கின்றன. பல துகள்களின் அளவு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு. உருக்கு அலுமினாவையும் நனைக்காது. குமிழி ஒன்று பக்கத்தில் வந்தால், உருக்கைவிடக் குமிழியோடு ஒட்டிக்கொள்வதே துகளுக்குச் சௌகரியம். கனிமத் தொழிலில் நுரையில் தாதுவை மிதக்க வைத்துப் பிரிப்பார்களே, அதே தத்துவம்.

சிக்கல் என்னவென்றால், பெரிய குமிழியைச் சுற்றி உலோகம் விலகி ஓடும்; சிறு துகள் அந்த ஓட்டத்தோடு போய்விடும், குமிழியைத் தொடாது. ஓரிரு மில்லிமீட்டர் குமிழிதான் நல்ல வேட்டைக்காரன். மேலே சொன்ன நனையாத் தன்மையால் உருக்கில் அந்த அளவுக் குமிழி கிடைப்பதே அரிது. துகளை ஒட்ட வைக்கும் குணமும் சிறு குமிழியைத் தடுக்கும் குணமும் ஒன்றேதான்.

அப்படியானால் இன்னும் பலமாக ஊதினால் சீக்கிரம் சுத்தமாகுமா?

ஆகாது, கெடும். லேடிலின் மேல் கசடு ஒரு போர்வைபோல மூடியிருக்கிறது. பலமாக ஊதினால் குமிழிகள் கிளம்பும் இடத்தில் கசடு விலகி, உருக்கு பளீரென்று கண் திறக்கும். அதைக் கண் என்றேதான் ஆலையிலும் சொல்கிறார்கள். அந்தக் கண் வழியே உருக்கு காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடிக்கும். ஒரு பக்கம் அலுமினாவை வெளியேற்றிக்கொண்டே, மறுபக்கம் புதிய அலுமினாவை உண்டாக்கிக்கொண்டிருப்போம். கசடின் துளிகளும் உள்ளே இழுக்கப்படும். கலவைப் பொருள் போடும்போதும் கந்தகம் எடுக்கும்போதும் பலமாக ஊதலாம். கடைசியில் சுத்தம் செய்யும் நேரத்தில் கண் திறக்காத அளவு மெல்ல ஊதி, பொறுமையாக விடவேண்டும். ஷிப்ட் முடியும் அவசரத்தில் அந்தச் சில நிமிடங்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் அது.

வாயு அளவி காட்டும் எண்ணை நம்பலாமா?

முழுக்க நம்பக்கூடாது. குழாய் இணைப்பில் கசிந்தால் அளவி ஒன்று காட்டும், லேடிலுக்குள் போவது வேறாக இருக்கும். பிளக் பாதி அடைத்திருந்தாலும் அப்படியே. கண்ணின் அளவை மேலிருந்து கேமராவில் பார்ப்பதும், லேடில் வண்டியில் அதிர்வு உணரியை ஒட்டி உண்மையான கலக்கத்தை அளப்பதும் இதற்காக வந்தவை.

வார்ப்பு அச்சில் குமிழி ஏன் எதிரியாகிறது?

டன்டிஷிலிருந்து அச்சுக்குப் போகும் குழாயில் அலுமினா படிந்து அடைக்காமல் இருக்கக் கொஞ்சம் ஆர்கான் விடுவார்கள். பெரிய குமிழிகள் அச்சின் மேல்மட்டத்துக்கு மிதந்து வெளியேறும். ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்தவையும் பாய்ச்சலோடு ஆழத்துக்குப் போய், உருக்கின் உறைந்துகொண்டிருக்கும் வெளி ஓட்டில் சிக்கிக்கொள்ளும், பெரும்பாலும் ஒட்டியிருக்கும் அலுமினாவோடு. பிறகு அச்சிலிருந்து வந்த உருக்குப் பலகையை உருட்டி மெல்லிய தகடாக்கும்போது, சிக்கிய குமிழி நீண்டு நூலாகும்; சூடாக்கினால் கொப்புளமாக உப்பும். காரின் கதவுக்கான தகட்டில் பெயின்டுக்கு அடியில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் தகடு தேறாது.

வளைந்த வார்ப்பு இயந்திரத்தில் இன்னொன்று நடக்கும். மேலே மிதக்க முயலும் குமிழி வளைவின் உட்பக்க ஓட்டில் போய் முட்டி மாட்டிக்கொள்ளும். அச்சுக்குக் கீழே முதல் இரண்டு மூன்று மீட்டரை நேராக வைத்து, பிறகு வளைக்கும் இயந்திரங்கள் வந்ததற்கு இது முக்கிய காரணம்.

காந்தத்தால் குமிழியைக் கட்டுப்படுத்த முடியுமா?

குமிழி மின்சாரம் கடத்தாது. அதைச் சுற்றியுள்ள உலோகம் கடத்தும். காந்தப் புலத்துக்குள் உலோகம் நகர்ந்தால் அதில் மின்னோட்டம் பிறந்து, நகர்வை எதிர்க்கும் விசை உருவாகும். அச்சில் வைக்கும் மின்காந்த பிரேக் இப்படித்தான் பாய்ச்சலைத் தணித்து, குமிழி ஆழத்துக்குப் போவதைத் தடுக்கிறது. காலியம் கலவையில் செய்த சோதனைகளில், புலம் பலமானால் குமிழியின் நெளிந்த பாதை நேராவதைக் கண்டிருக்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குமிழிக்குத் தனி வேலை உண்டாமே?

உண்டு, அது வேதியியல் வேலை. கார்பனை எரிக்க ஆக்சிஜன் ஊதினால் விலை உயர்ந்த குரோமியமும் சேர்ந்து எரியும். ஆக்சிஜனோடு ஆர்கானைக் கலந்து ஊதினால், குமிழிக்குள் கார்பன் மோனாக்சைடின் பங்கு அழுத்தம் குறையும். கார்பன் எரிவது சுலபமாகும், குரோமியம் தப்பிக்கும். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் வில்லியம் கிரிவ்ஸ்கி 1954-இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்தது இந்த ஏ.ஓ.டி. (ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதிக் கார்பன் நீக்கும்) முறை. 1968-இல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் ஆலைக்கு வந்தது. உலகின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பங்கு இன்று இந்த வழியில்தான் பிறக்கிறது. நம் சேலம் உருக்காலையின் உருக்குப் பிரிவிலும் ஏ.ஓ.டி.தான்.

கணினியில் போட்டுப் பார்த்தால் போதாதா?

ஒரே ஒரு குமிழியின் பரப்பை நுணுக்கமாகப் பின்தொடரலாம். லட்சக்கணக்கான குமிழிகளை அப்படிச் செய்ய முடியாது. குமிழியின் அளவை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கணக்கு ஓடும். அந்த அளவைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தால் விடையும் தண்ணீரின் விடையாகவே வரும். எக்ஸ் கதிர்ப் படங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் இதையெல்லாம் எப்படித் தொடுவது?

காலியம் கலவை விலை அதிகம், தேவையும் இல்லை. ஒரு அக்ரிலிக் தொட்டி, மீன்தொட்டி பம்ப், ஓட்டத்தைக் குறைக்க ஒரு வால்வு, தடித்த சுவர் கொண்ட ஒரு சிறு குழாய், மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதியுள்ள கைப்பேசி கேமரா, இவை போதும். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, வாயுவை மெல்ல விட்டு, பிரியும் குமிழிகளைப் படம் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைக்க மறக்காதீர்கள். பிறகு குழாயை வெளியே எடுத்து, முனையின் தட்டையான பரப்பில் மெல்லியதாக மெழுகைப் பூசுங்கள், துளை அடைபடாமல். மெழுகைத் தண்ணீர் முழுதாக நனைக்காது. உருக்கு செங்கல்லிடம் நடந்துகொள்ளும் முறையில் ஒரு பங்கையாவது தண்ணீர் இப்போது காட்டும். ஆய்வாளர்களும் மெழுகு பூசிய முனைகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதே வால்வு, அதே ஓட்டம், மறுபடி படம் பிடியுங்கள். குமிழியின் அடிப்பாகம் துளையிலேயே நிற்கிறதா, விளிம்பை நோக்கி நகர்கிறதா என்று ஒவ்வொரு படச் சட்டமாகப் பாருங்கள். விநாடிக்கு எத்தனை குமிழி என்று எண்ணி, இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.